தேதி போடுங்க, கிலோமீட்டர் போடுங்க

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. இருபத்தைந்து வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கை இது. பேனா பிடித்தால் வரி நேராகப் போகாமல் மேட்டில் ஏறுகிற மாதிரி மேலே மேலே போகிறது. பிழைகள் நிறைய இருக்கும். இதை டைப் அடித்துத் தரப்போகிற பெண், "நீங்க வந்தபடி எழுதுங்கண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்ன தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் எழுத வந்தது ஒரு மெக்கானிக்கைப் பற்றி. பெயரைச் சொல்லப் போவதில்லை. தன் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவரே ஒருமுறை என்னிடம் கேட்டுக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

எனக்கு ஊர் மகாராஜபுரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கார் ஸ்டாண்டில் சொந்த வண்டி ஓட்டுகிறேன். அவருடைய ஷெட் வத்திராயிருப்புப் பக்கம் போகிற ரோட்டில் இருந்தது. தகரக் கூரை. இரண்டு கார் நிற்கலாம். மூன்றாவது வந்தால் வேப்ப மரத்தடியில் நிற்க வேண்டும். ரேடியோ கிடையாது. அவருக்குப் பாட்டு ஆகாது என்று இல்லை. வண்டி பேசுவது கேட்காது என்பார்.

வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். அது ஒன்றே பல பேருக்கு எரிச்சல். சட்டைப் பையில் எப்போதும் ஓட்டோடு வறுத்த கடலை வைத்திருப்பார். ஒரு கை அள்ளி நம்மிடம் நீட்டுவார். "சொல்லுங்க" என்பார். அதோடு சரி. பிறகு கடலையை உடைத்துத் தின்றுகொண்டே நம்மைப் பார்த்தபடி இருப்பார். நாம் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் உண்மை வெளியே வரும். அவசரக்காரர்கள் இரண்டு நிமிஷத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் கூப்பிடவும் மாட்டார்.

என் மாதிரி ஆளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு வார்த்தை வருவதற்கு நேரமாகும். ராஜபாளையத்தில் கம்பெனி சர்வீஸ் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா, காபி மிஷின். செருப்பை வெளியே விடுவதா உள்ளே போட்டுக்கொண்டு போவதா என்று யோசிப்பதிலேயே எனக்கு வேர்த்துவிடும். "என்ன கம்ப்ளெயின்ட் சார்?" என்று கேட்பார்கள். நான் எச்சில் முழுங்குவதற்குள், "ஜெனரல் செக்கப் போட்டுக்கிடவா சார்?" என்பார்கள். தலையை ஆட்டிவிட்டு சோபா ஓரத்தில் உட்கார்ந்துவிடுவேன். சாயங்காலம் வண்டி பளபளவென்று கழுவித் துடைத்து வரும். சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? நான் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் முதன்முதல் அவரிடம் போனேன். "சத்தம் வருது" என்றேன். அவர் இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க" என்றார். ஒரு மைல் போனோம். பேசவே இல்லை. இரண்டு மைல் ஆயிற்று. எனக்கே தாங்கவில்லை.

"அண்ணே, இது மேட்டுல ஏறுனா வராது. எறங்குனாத்தான் வருது. அதுவும் ஆள் இருந்தா வராது. காலியாப் போறப்பத்தான்."

"அப்பிடிச் சொல்லுங்க" என்றார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரைப் பிடித்து ஆட்டினார். அதைப் பிடித்து வைக்கிற போல்ட்டு பாதி கழன்றிருந்தது. கையாலேயே முறுக்கினார். அவ்வளவுதான்.

"கம்பெனில இருக்கவிய தொழில் தெரியாதவிய இல்லண்ணே. அவிய மிஷினைக் கேக்காவ. நான் உங்களைக் கேக்கேன். மிஷினுக்குத் தெரியாதது உங்க முதுகுக்குத் தெரியும்லா."

அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி கேட்பதற்கு அடுத்து அவருக்குப் பிடித்த காரியம், வேலையை வேண்டாம் என்று சொல்வது. ஷெட்டின் தகரக் கதவில் சாக்பீஸால் நடுவே ஒரு கோடு போட்டிருப்பார். இந்தப் பக்கம் ‘இங்கே’, அந்தப் பக்கம் ‘அங்கே’. பிரேக் பேட், புஷ், ஏசி, பேட்டரி எல்லாம் இங்கே. ஏர்பேக், கம்ப்யூட்டரில் புதிதாக ஏற்ற வேண்டியது, வாரண்டியில் இருக்கிற வண்டி எல்லாம் அங்கே. அங்கே என்றால் கம்பெனி. அவரும் மதுரையில் ஒரு கம்பெனி சர்வீஸில் பல வருஷம் வேலை பார்த்தவர்தான். ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை அழித்து இந்தப் பக்கத்தில் எழுதுவார். அன்றைக்கு மட்டும் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

ஒருநாள் பெரிய வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். தங்கச் சங்கிலி சட்டைக்கு வெளியே கிடந்தது.

"ஆயில் மாத்தணும்யா. அரை மணி நேரந்தான் இருக்கு."

"வாரண்டி எம்புட்டு நாள் கிடக்கு?"

"அது இருக்கு இன்னும் ரெண்டு வருசம்."

"அப்பம் ராஜபாளையம் போங்க."

"ஏன், ஆயில் மாத்தத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். பில்லு அங்க இருக்கணும். நாளைக்கு இஞ்சின்ல ஒண்ணுன்னா அவிய மொதல்ல கேக்கது அந்தப் பில்லைத்தான். ரெண்டு வருசம் கழிச்சு வாங்க. ஷெட்டு இங்கதான் இருக்கும்."

"வந்த வேலைய வேண்டாம்ங்கிற கடையை இப்பத்தான்யா பாக்கேன்" என்று வந்தவர் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனார். இவர் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் ஒரு டீச்சர் வந்தார். வாரண்டி முடிந்த பழைய கார். கம்பெனியில் முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாளை நீட்டினார். இவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, உள்ளங்கை அகலம் உள்ள ஒரு ரப்பர் புஷ்ஷை மட்டும் மாற்றினார். தேய்ந்துபோன பழைய புஷ்ஷை டீச்சர் கையிலேயே கொடுத்தார். கழற்றியதைக் கையில் கொடுப்பது அவர் வழக்கம். என் வீட்டு ஜன்னலில் கூட அப்படி ஒரு பழைய பெல்ட் தொங்குகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். வாங்கி மூன்றாவது வருஷம் ஒரு கோளாறு ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் விழாமல் போய்விடும். டேஷ்போர்டுக் கண்ணாடிக்குள், கியர் விழவில்லை என்று காட்டுகிற ‘N’ என்ற எழுத்து மின்னி மின்னி அடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் கத்தும், வண்டி நகராது.

அப்போது வாரத்தில் இரண்டு நாள் கான்சாபுரத்திலிருந்து ஒருவரை ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். ஊரில் மில்லுக்காரர் என்றால்தான் தெரியும். உடம்புதான் நோஞ்சான், வாய் அல்ல. முதல்முறை வண்டி நின்றபோது பின்சீட்டில் இருந்து சொன்னார்: "ஏலே, என்னைய எறக்கிட்டு மொதல்ல ஒன் வண்டியப் படுக்க வை. அதுக்குத்தான் ரத்தம் சுத்தம் பண்ணணும் போல."

சிரித்தாலும் எனக்குள் பயம்தான். குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் அவருடைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் உடம்பு ஒருநாள் தாமதத்தைக்கூடத் தாங்காது. அதோடு வண்டிக்கு வாரண்டி முடிய இரண்டு மாதந்தான் இருந்தது. முடிந்துவிட்டால் அந்த கியர் சாமானை நான் வாங்கிப் போட முடியாது. வண்டியை விற்க வேண்டியதுதான்.

கம்பெனிக்கு மூன்று தடவை கொண்டுபோனேன். மூன்று தடவையும் மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கோளாறும் காட்டல சார்" என்று அனுப்பிவிட்டார்கள். நான்காவது முறை போகக் கூச்சமாகிவிட்டது. நம்ம மெக்கானிக்கிடம் போனேன்.

"வாரண்டி இருக்குல்லா? இது அங்கேண்ணே" என்று கதவைக் காட்டினார். நான் போகாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடலையை நீட்டி, "சரி, சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எதையும் தொடவில்லை. செத்த நேரம் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கடிகாரம் ஏன் தப்பா ஓடுது?"

மணி அப்போது பகல் பதினொன்று. வண்டிக் கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கடலை உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார்.

"போன மாசம் ஒரு வண்டியில சென்சார் ஒண்ணை ஒடைச்சுப்புட்டேன். அவசரத்துல இழுத்துட்டேன். வண்டிக்காரருக்குத் தெரியாது. நானே கம்பெனிக்கு ஓட்டிட்டுப் போயி, நாந்தான் ஒடைச்சேன், மாத்திக் குடுங்கன்னேன். அங்க இருந்த பயலுவ எல்லாம் ஒரு மாதிரி சிரிச்சானுவ. சிரிச்சா சிரிக்கட்டும். எங்க ஒடைஞ்சுதுன்னு தேட வேண்டாம் பாருங்க."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் காட்டினேன்.

எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. புது வண்டி எது நின்றாலும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால் ஓடிவிடும். கோயில் பக்கத்தில் நிற்கிற ஒரு சீனியர் டிரைவர் சொல்லிக்கொடுத்தது. வண்டி நின்றபோதெல்லாம் அப்படித்தான் செய்தேன். வயரைக் கழற்றி மாட்டினால் வண்டிக் கடிகாரம் மறுபடி பன்னிரண்டிலிருந்து ஓட ஆரம்பிக்கும்; அதை வைத்துத்தான் அவர் பிடித்துவிட்டார். கம்பெனிக்குப் போகிற காலையிலும், அங்கே போய் நடுவாசலில் நின்று மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று, ஒரு தடவை கழற்றி மாட்டிவிட்டுத்தான் போவேன். இதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அவர் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"எல்லா வண்டியிலயும் அழியாது. உங்க வண்டியில அழிஞ்சிருதுண்ணே. நின்னது எதுக்குன்னு வண்டி உள்ள எழுதி வச்சிக்கிடும். நீங்க போயி அந்தச் சிலேட்ட நல்லாத் தொடைச்சிட்டு, வாத்தியாரே படிங்கன்னு குடுத்திருக்கீய. அவிய என்னத்தைப் படிப்பாவ?"

பிறகு இரண்டு காரியம் செய்தார். ஸ்பேனரை என்னிடமிருந்து வாங்கி ஷெட் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார். "வாரண்டி சாமான் வந்த பொறவு தாரேன்." அடுத்து, ஒரு நோட்டுப் போடச் சொன்னார். "நிக்கும்போதெல்லாம் எழுதுங்க. தேதி போடுங்க, கிலோமீட்டர் போடுங்க. வெயிலா, மழையா, வண்டிக்குள்ள எத்தன பேரு, முன்னால என்ன வண்டி போச்சு, எல்லாம் எழுதுங்க."

"எனக்கு எழுத வராதுண்ணே."

"நான் அழகாவா எழுதச் சொன்னேன்? தேதி இருந்தாப் போதும்."

என் மகளின் பழைய நோட்டில் மிச்சம் கிடந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். அடுத்த ஏழு வாரத்தில் ஐந்து தடவை கியர் விட்டுப்போனது. ஓரமாக நிறுத்தி, வண்டி குளிர்ந்த பிறகு தானாகக் கியர் விழும்வரை காத்திருந்தேன். அந்த ஐந்தையும் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. ஐந்து தடவையும் மெதுவாகப் போகிற எதற்காவது பின்னால் நெடுநேரம் ஊர்ந்திருக்கிறேன்.

ஆறாவது தடவை, வாரண்டி முடிய எட்டு நாள் இருக்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போய் வண்டி நின்றது. உச்சி வெயில். பின்சீட்டில் மில்லுக்காரர். அரை மணி நேரம் ஆகியும் ‘N’ மின்னுவது நிற்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷத்தில் மொபெட்டில் வந்து சேர்ந்தார்.

"அண்ணே, அந்த வயரை மட்டும் கழட்டி மாட்டிருங்க. அண்ணாச்சிக்கு நேரமாகுது. ஓடிரும்" என்று கெஞ்சினேன்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டைத் தொடவே இல்லை.

"ஓடிரும். எட்டு நாள் கழிச்சு மறுபடி நிக்கும். அன்னைக்கு என்ன செய்வீய? உங்க போன்ல இந்த எழுத்து மின்னுததைப் படம் பிடிங்க. கிலோமீட்டரும் தெரியணும். சாவிய எடுத்துட்டு, கம்பெனிக்கே போன் போட்டு இழுக்குத வண்டி அனுப்பச் சொல்லுங்க."

"அப்பம் அண்ணாச்சி?"

"அவியளை நான் கொண்டுபோய் விடுதேன்."

மில்லுக்காரர் அந்த மொபெட்டை ஏற இறங்கப் பார்த்தார். "இதுலயா? ஏலே, இதுக்குக் கியர் விழுமா?"

"இதுக்கு கியரே கிடையாது அண்ணாச்சி. தைரியமா ஏறுங்க."

என் துண்டை அண்ணாச்சி தலையில் கட்டிவிட்டேன். ஏறி உட்கார்ந்து முன்னால் இருந்தவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். கிளம்புவதற்கு முன் மெக்கானிக் என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, நான் கம்பெனிக்கு வரமாட்டேன். என்னையப் பாத்தா, வெளி மெக்கானிக்கு கைவச்ச வண்டி, வாரண்டி கிடையாதுன்னு ஒரு ஆளாவது சொல்லுவான். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா என் பேரை எடுக்காதீய. நீங்கதான் பேசணும். வயரு கழட்டுனதையும் நீங்கதான் சொல்லணும்."

பேச வேண்டியது நான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். எதிரில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தார். "சொல்லுங்க சார்" என்றார். நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் கோணல் எழுத்தை ஒரு பெண் படிக்கிறாரே என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முதல் பக்கத்தை மனதுக்குள் படித்தார். கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். "கரும்பு டிராக்டர் பின்னால், மூன்று மைல், ஆள் இருவர், வெயில்..."

அப்போது சொன்னேன். "அம்மா, மொத மூணு தடவையும் வண்டியில ஒண்ணும் காட்டாததுக்குக் காரணம் நாந்தான். பேட்டரி வயரைக் கழட்டி மாட்டிட்டுத்தான் கொண்டாந்தேன். இன்னைக்குக் கழட்டல."

ஏசிக்குள் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. "அதானே பாத்தேன்! சார், இங்க வாங்களேன்" என்று உள்ளே இருந்த பெரியவரைக் கூப்பிட்டார். அவர் நோட்டையும் போனில் இருந்த படத்தையும் பார்த்தார். இழுத்து வந்த வண்டியில் மிஷினை மாட்டினார்கள். இந்தத் தடவை வண்டி சொல்லிவிட்டது. கியர் மாற்றுகிற பம்ப் சூட்டில் உட்கார்ந்துவிடுகிறதாம். வாரண்டியிலேயே புதிது போட்டுத் தருகிறோம் என்றார்கள்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "எல்லாரும் இப்பிடி எழுதிட்டு வந்தா எங்களுக்கு எம்புட்டு லேசா இருக்கும்! யாருண்ணே சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"நானாத்தான் எழுதுனேன்" என்றேன்.

மெக்கானிக் கேட்டுக்கொண்டபடிதான் சொன்னேன். ஆனாலும் அந்தப் பெண், "சூப்பர்ணே" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோது, அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் வண்டி வந்தது. நேரே ஷெட்டுக்குப் போனேன். அவர் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். "ஆச்சா?" "ஆச்சுண்ணே." வெளியே வந்து, கையைத் துடைத்து, கடலையை நீட்டினார். பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேர் வாயிலிருந்து எத்தனையோ உண்மையை வரவைத்த அந்தப் பார்வைதான். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்தது. கடைசியில் நான் சொன்னது, "மழை வரும்போல இருக்குண்ணே."

அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் வெள்ளையாகக் கிடந்தது. "வரலாம்" என்றார்.

ஸ்பேனரை அன்றைக்கு இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அடுத்த வருஷம், நர்ஸ் வேலை பார்க்கிற அவர் மனைவிக்கு நாகர்கோவில் பக்கம் மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டார். எனக்குத் தெரியாது. சர்வீஸுக்குப் போனால் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே பத்தாம் நம்பர் ஸ்பேனர். தாளில் ‘டிரைவர் அண்ணனுக்கு. வாரண்டி சாமான் வந்துவிட்டது, இனி வைத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தார்.

போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அடித்தால் என்ன பேசுவது?

போன வாரம் மில்லுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது, வண்டி ஒரு லாரிக்குப் பின்னால் மூன்று மைல் ஊர்ந்தும் நிற்கவில்லை. அவர் பின்னால் இருந்து கேட்டார்.

"ஏலே, அந்த மெக்கானிக்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொன்னியா?"

"இல்ல அண்ணாச்சி."

"வாய் வராதுன்னாத்தான் ஒனக்கு எழுத வருமே. கம்பெனிக்கு ஆறு பக்கம் எழுதுன. அந்த மனுசனுக்கு எழுத மாட்டியாக்கும்? எழுதிக் குடு, எம்மக டைப் அடிச்சு அந்த நம்பருக்கு அனுப்பிருவா. என்னையக் கட்டிப்புடிச்சு ஆஸ்பத்திரி சேத்தவன்லா அவன்."

"நீங்கதான் அவரைக் கட்டிப்புடிச்சிய."

"ரெண்டும் ஒண்ணுதாம்லே."

அதனால் எழுதிவிட்டேன். ராஜபாளையத்தில் அந்தப் பெண், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இனிச் சொன்னால் குற்றமில்லை. அது நான் இல்லை. இவர்தான், அண்ணே, நீங்கள்தான். அன்றைக்கு மழை வரவில்லை. நான் சொல்ல வந்தது அது இல்லை.

தேதி: ஆனி 12, வியாழக்கிழமை.
கிலோமீட்டர்: 1,63,482. வெயில். ஆள் ஒருவர். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.